பச்சை விளக்கை நம்பாதீர்: மாற்று நெட்வொர்க் கார்டு பற்றி

நம்மவர் பலருக்கும் பெங்களூரில் தூரவாணி நகர் தெரியும். தொலைபேசிக்குக் கன்னடத்தில் தூரவாணி. 1948இல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலையால் வந்த பெயர். அடியேன் எஸ்.பி. ரோட்டில் மின்னணு உதிரி விற்பவன். பட்டம் ஏதும் கிடையாது. கையேடு படித்துக் கற்றதுதான்.

தொலைபேசி நிலையம் நிற்கலாகாது என்பது பழைய கவலை. 1965இல் அமெரிக்காவில் சக்கசன்னா என்ற ஊரில் வைத்த மின்னணு நிலையத்துக்கு, 40 ஆண்டில் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று இலக்கு வைத்தார்கள். அதற்காகவே கட்டுப்பாட்டுப் பகுதி இரட்டையாக இருந்தது. 1986இல் நம் கித்தூரில் முதல் கிராம நிலையத்தை நிறுவிய சி-டாட்டும் தன் நிலையங்களில் இதே வழியைக் கையாண்டது.

இன்று குரல் ஐ.பி. பொட்டலமாக ஓடுகிறது. ஆகவே கருவியின் கழுத்து நெட்வொர்க் கார்டு. இரண்டு கார்டுகளை ஒரே முகவரியில் கட்டி, ஒன்று உழைக்க மற்றது காத்திருக்கும்படி லினக்ஸில் அமைக்கலாம். இதற்கு பாண்டிங் என்று பெயர், முறை 'ஆக்டிவ்-பேக்கப்'.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு இப்படி இரண்டு கார்டு விற்றேன். ஒரு நாள் காலை அவர் அலுவலகத்தில் அத்தனை போனும் ஊமை. "நயினார், ரெண்டு கார்டுக்கும் காசு வாங்கினீங்களே!" என்று கடைக்கே வந்துவிட்டார். போய்ப் பார்த்தால் முதல் கார்டில் பச்சை விளக்கு ஜோராக எரிகிறது. பழுது அங்கே இல்லை. சுவிட்சுக்கு அப்பால் கேபிள் அறுந்திருந்தது. கார்டுக்குத் தன் பக்கத்து இணைப்பு மட்டுமே தெரியும். அது உயிரோடு இருந்ததால் மாற்றுக் கார்டு எழவில்லை. அதைவிடக் கொடுமை, இரண்டு கேபிளும் அதே சுவிட்சில்! எழுந்திருந்தாலும் பயனில்லை. செருகியவன் நானே.

இணைப்பைக் கண்காணிக்க 'மிமான்' என்றொரு எண் உண்டு. 100 என்று வைத்தால் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பார்க்கும். பழைய லினக்ஸ்களில் நாம் சொல்லாவிட்டால் அது 0, அதாவது பார்ப்பதே இல்லை. ஆனால் இது விளக்கைப் பார்ப்பது மட்டுந்தான். சுவிட்சுக்கு அப்பாலுள்ள கேட்வேயிடம் 'இருக்கிறாயா?' என்று அடிக்கடி கேட்கும் ஏ.ஆர்.பி. கண்காணிப்பை அதற்குப் பதிலாக வைத்தால், பதில் வராதபோது மாற்றுக் கார்டு வேலையை ஏற்கும். உடனே அது, 'இனி இந்த முகவரிக்கு இந்த வழி' என்று சுவிட்சுக்கு அறிவிக்கும். இல்லாவிட்டால் பொட்டலங்கள் பழைய வாசலுக்கே போய் நிற்கும்.

முதல் கார்டு தேறியதும் வேலையை அதனிடம் திருப்பித் தரலாமா? தளர்ந்த கேபிள் என்றால் இங்குமங்கும் தாவிப் பேச்சு அறுபடும். நடப்பது பழுதாகும்வரை மாற்றாதே என்று அமைப்பதே என் வழக்கம்.

இப்போது இரண்டு கேபிளும் இரண்டு சுவிட்சுக்குப் போகின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை அவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு கேபிளைப் பிடுங்குவேன். பேச்சு அறாவிட்டால் காபி அவர் செலவு.