தெருமுதல் கடல்வரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் செம்பாக்கத்துத் தெருவில் விழும் மழைநீர், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. இந்நெடும்பாதையில் நிலத்தின் சாய்வு மிகக் குறைவு. ஆதலால் நீர் மெல்ல நகர்ந்து, தான் சுமந்துவந்த மண்ணை வடிகாலின் அடியில் படியவிடும். அதில் நெகிழிப் பைகளும் கட்டட இடிபாடுகளும் சிக்கி அடைப்பை இறுக்கும். தூர்வாரிய மண்ணை ஓரத்திலேயே குவித்துச் செல்லும் வழக்கமும் உண்டு; அடுத்த மழையே அதனை மீண்டும் உள்ளே சேர்த்துவிடும்! வீட்டருகே யாவும் தூய்மையாக இருப்பினும், கடலலைகள் குவிக்கும் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைப்பின் வடியும் நீர் தடைபட்டுத் தெருக்களில் தேங்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அருகிலுள்ள தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர்த் தெருவடிகாலைத் தூர்வாருவதோடு, முட்டுக்காட்டு மணல்திட்டையும் அகற்றுதல் வேண்டும்.