தங்கக் காசுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்...

வன்னியம்பட்டியில் இருக்கும் என் மாமா சமீபத்தில்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்துக்கு இன்னும் நான்கு பவுன் சேர்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"மாப்ளே, இன்டர்நெட்ல எட்டு கிராம் காசு. கடை ரேட்டைவிட பவுனுக்கு ஒன்பதாயிரம் குறைச்சுத் தர்றான். நாலு காசு ஆர்டர் போட்டுட்டேன். பணம் கட்ட க்யூஆர் கோடு வந்திருக்கு."

"கட்டாதீங்க மாமா. மேலே இருக்கிற அட்ரஸை அப்படியே வாசிங்க" என்றேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நகைக்கடையின் பெயர். ஒரு புள்ளி. பிறகு ஆஃபர். இன்னொரு புள்ளி. கடைசியில், டாட் காமுக்கு முன்னால், சம்பந்தமே இல்லாத வேறு ஒரு பெயர்! டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் போன்றவற்றுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் பெயர்தான் தளத்தின் உண்மையான பெயர். அதற்கு இடதுபுறம் யார் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். ஊர் ஊராக 'ஒரிஜினல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' போர்டு தொங்குகிறதே, அதுபோலத்தான்.

"பூட்டுப் படம் இருக்கே மாப்ளே?" என்றார். பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் எல்லோருமே எழுதினோம். நீங்கள் டைப் செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்பதல்ல. அந்தச் சான்றிதழ் மோசடிக்காரருக்கும் இலவசமாகவே கிடைக்கும். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் பிரவுசர் 2023-ல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

சரி, விற்பவரை எப்படித்தான் சோதிப்பது? தளத்தின் அடியில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். அதை காப்பி செய்து, ஜிஎஸ்டி அரசுத் தளத்தில் 'சர்ச் டேக்ஸ்பேயர்' பகுதியில் பேஸ்ட் செய்யுங்கள். நிறுவனத்தின் பெயர், பதிவு செய்த தேதி, பதிவு இப்போது செயல்பாட்டில் உள்ளதா என எல்லாம் வரும். அடுத்தவர் எண்ணைத் திருடிப் போடுபவர்களும் உண்டு. ஆகவே யுபிஐயில் பின் நம்பர் போடும் முன் திரையில் வரும் பெயரையும் ஒப்பிடுங்கள். மாமாவின் தளத்தில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் யாரோ ஒரு தனி நபரின் பெயர் வந்தது. 'ஹூ இஸ்' தளம் ஒன்றில் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். பதிவு செய்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி, விற்பவர் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அதிகாரியின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் காட்டியாக வேண்டும். வெறும் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

விலையையும் கணக்குப் போடுங்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8 கிராம் 80,000. ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,400. இதற்கு மேல் காசு அடித்த கூலி. கூலியில் தள்ளுபடி தரலாம், கார்டு சலுகையில் கொஞ்சம் குறையலாம். தங்கத்தின் விலையிலேயே ஒன்பதாயிரம் குறைக்க யாராலும் முடியாது. இன்னொன்று, பேப்பரில் பெரிதாக வரும் பவுன் விலை 22 காரட்டுக்கு. காசு 24 காரட் என்றால் அந்த ரேட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதிக விலையிலும் ஆபத்து உண்டு. ஹாங்காங்கைச் சேர்ந்த கோல்டு குவெஸ்ட் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில், சேகரிப்பாளர்களுக்கான அபூர்வ நாணயம் என்று சொல்லி, ஆள் சேர்க்கும் முறையில் தங்கக் காசு விற்றது. தங்கத்தின் மதிப்பைவிட விலை மிக அதிகம். சென்னையில் 2003-ல் வழக்குப் பதிவானது. புகார் செய்தவர்களுடன் சமரசமாகி, சுப்ரீம் கோர்ட் வரை போய் 2014-ல்தான் முடிந்தது. காசு நிஜத் தங்கமாகவே இருக்கட்டும், ஆசாரியிடம் கொண்டுபோனால் எடைக்குத்தானே விலை?

ஆறு இலக்க ஹெச்யுஐடி எண் 2023 ஏப்ரல் முதல் நகைக்குக் கட்டாயம். தங்கக் காசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே சீல் செய்த கார்டில் சுத்திகரித்த நிறுவனத்தின் பெயர், எடை, 999 போன்ற தரக் குறியீடு, வரிசை எண் இருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்ப வாங்குவார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வங்கிகள் தாங்கள் விற்ற காசைக்கூடத் திரும்ப வாங்குவதில்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

மாமா அந்த ஆர்டரை விட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து, இத்தனையும் சரிபார்த்து, வேறு தளத்தில் ஒரே ஒரு காசு வாங்கினார். பார்சலைப் பிரிக்கும்போது அத்தை செல்போனில் வீடியோ எடுத்தார். மற்ற மூன்றையும் ராஜபாளையத்தில் தெரிந்த கடையிலேயே வாங்கிக்கொள்கிறாராம்.