தாளில் 2.5 மி.மீ., கணினியில் 250!

உங்களுக்குத் தெரியுமா?

பெருங்குடி ஓ.எம்.ஆர். டிசைன் அலுவலகங்களில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வீட்டு பிளானை நிஜ அளவிலேயே வரைவார்கள். 3 மீட்டர் சுவருக்கு 3,000 மி.மீ. என்றே கொடுப்பார்கள். 1:100 ஸ்கேலில் பிரிண்ட் எடுத்தால் எல்லாம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே, 'சமையலறை' என்ற எழுத்து தாளில் 2.5 மி.மீ. உயரம் வர, வரையும்போது 250 மி.மீ. வைக்க வேண்டும், 1:50 என்றால் 125 போதும். இந்தப் பெருக்கலைத் தானே செய்துகொள்ளும் 'அனோடேட்டிவ்' வசதி ஆட்டோகேட் 2008 பதிப்பில் வந்தது.

வரைபட எழுத்துகளுக்கான ஐ.எஸ்.ஓ. 3098 தரப்படி எழுத்து உயரங்கள் 2.5, 3.5, 5, 7 மி.மீ. என ஏறத்தாழ 1.4 மடங்காக ஏறும். ஏ3 தாளின் பக்க நீளங்களுக்கும் ஏ2 தாளின் பக்க நீளங்களுக்கும் இடையிலும் அதே விகிதம்தான். ஏ2 பிளானை ஏ3 தாளுக்குச் சுருக்கினால் 3.5 மி.மீ. எழுத்து 2.5 ஆகும், அதுவும் தர அளவுதான்!