டர்போ ஏற்றிய காருக்கு எந்தக் கிளட்ச்?

பழைய புரோட்டோன் சத்ரியாவுக்கும் வீராவுக்கும் டர்போ இயந்திரம் ஏற்றும் ஆசை நம் பிள்ளைகளிடம் இன்னும் அடங்கவில்லை. ஹாஃப்கட் கடையில் 1.8 லிட்டர் மிட்சுபிஷி டர்போ இயந்திரத்தைத் தேடிப் பிடித்து, பட்டறையில் ஏற்றி, சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலுக்கு அலைந்து முடிப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். இண்டர்கூலர் எது, எக்ஸோஸ்ட் எது, ரிம் என்ன நிறம் என்றெல்லாம் மாமாக் கடையில் விடிய விடிய விவாதம் நடக்கும். கிளட்ச் விஷயம் மட்டும் கடைசி நாளில் ஒரே வரியில் முடிந்துவிடும்: "அங்கிள், இருக்கிறதிலேயே முரட்டுக் கிளட்சாப் பார்த்துப் போட்டுடுங்க."

கிள்ளானில் பட்டறை நடத்தும் எனக்கு இந்த வரியைக் கேட்டாலே இடது முழங்கால் வலிக்கும். அந்தக் காரை ஓட்டிப் பார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான்தானே. முரட்டுக் கிளட்ச் சிப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றும் காருக்குச் சரி. காலை ஏழு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து வேலைக்குப் போகிற காருக்கு, தேவையான சக்தியைத் தாங்குகிற கிளட்சுகளில் மிகவும் சாதுவானது எதுவோ அதையே நான் தேர்ந்தெடுப்பேன். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

இயந்திரத்தோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஃபிளைவீல். அதன்மேல் பிரஷர் பிளேட் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கும் தட்டுதான் கிளட்ச் பிளேட். அது கியர்பாக்ஸோடு சேர்ந்து சுற்றும். பிரஷர் பிளேட்டின் வில் அந்தத் தட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும்போது சக்தி சக்கரங்களுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. எவ்வளவு அழுத்தம், உராயும் பொருளின் பிடிப்பு எவ்வளவு, தட்டு எவ்வளவு பெரியது, எத்தனை முகங்கள் உராய்கின்றன என்ற நான்கையும் பெருக்கினால் அந்தக் கிளட்ச் தாங்கும் அளவு வந்துவிடும்.

ஓர் உதாரணம் பாருங்கள். அழுத்தம் 6,000 நியூட்டன், பிடிப்பு எண் 0.3, தட்டின் சராசரி ஆரம் 9 சென்டிமீட்டர், உராயும் முகங்கள் இரண்டு. பெருக்கினால் 324 நியூட்டன் மீட்டர். இது முறுக்கு விசையின் அளவு. பட்டறை மொழியில் 'டார்க்'. நம் பிள்ளைகள் குதிரைத்திறனைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். கிளட்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது, டார்க்தான் தெரியும். ஒரே 200 குதிரைத்திறன் உள்ள இரண்டு இயந்திரங்களில், டர்போ இல்லாமல் உச்சச் சுழற்சியில் அதைத் தருவது கிளட்சை அதிகம் வருத்தாது. டர்போ உள்ளது 3,000 சுழற்சியிலேயே முழு டார்க்கையும் கொட்டும். அதனால்தான் டர்போ கார்களில் கிளட்ச் வழுக்குவது முதலில் தெரிவது சிக்னலில் சீறிக் கிளம்பும்போது அல்ல. கெந்திங் மலை ஏற்றத்திலோ காராக் நெடுஞ்சாலை மேட்டிலோ நான்காவது கியரில் அழுத்தும்போதுதான் அது வெளிப்படும். சுழற்சிமுள் மேலே ஏறும், வேகமுள் ஏறாது. கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை வரும்.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது உங்கள் காரின் உண்மையான டார்க். டைனோவில் ஏற்றினால் கிடைப்பது சக்கரத்தில் அளந்த எண். கிளட்ச் உட்கார்ந்திருப்பது சக்கரத்துக்கு முன்னால், ஃபிளைவீலில். முன்சக்கர ஓட்டமுள்ள காரில் வழியில் ஏறக்குறைய 15 விழுக்காடு உராய்வில் போய்விடும் என்பது பட்டறைக் கணக்கு. சக்கரத்தில் 300 வந்தால் ஃபிளைவீலில் சுமார் 350. அதற்குமேல் 20 முதல் 25 விழுக்காடு கூடுதலாக வைத்தால் 420 முதல் 440 வரை தாங்கும் கிளட்ச் போதும். அதையும் தாண்டி 600, 700 என்று வாங்குவதால் கார் ஓர் அங்குலம்கூட வேகமாகப் போகாது. அட்டைப்பெட்டியில் 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 3' என்று அச்சிட்டிருப்பதையும் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றியபடி வைத்த பெயர். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், என்ன பொருள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

இனி அந்தப் பொருள். ஆர்கானிக் என்பது நாரும் பிசினும் கலந்து செய்த, நம் சாதாரணக் கார்களில் வருவது. மெதுவாகப் பிடிக்கும், அதிர்வு குறைவு. சூடேறினால் வழுக்கும், ஆறினால் பெரும்பாலும் பழையபடி பிடிக்கும். கெவ்லர் அதைவிட நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பும் மென்மை. ஆனால் ஒருமுறை நன்றாகச் சுட்டுவிட்டால் மேற்பரப்பு கண்ணாடி போல் ஆகிவிடும், பிறகு அது பழைய நிலைக்குத் திரும்புவது சிரமம். செராமிக்கும் உலோகத் தூளும் சேர்ந்தது மூன்றாவது வகை. இதுதான் நம் பிள்ளைகளுக்குப் பிடித்த 'சிக்ஸ் பக்', அதாவது முழு வட்டத்துக்குப் பதிலாக ஆறு துண்டுகள் பதித்த தட்டு.

துண்டு துண்டாக இருந்தால் பரப்பு குறையுமே, பிடிப்பும் குறையாதா என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பிடிப்பைப் பரப்பு தீர்மானிப்பதில்லை. மேலே சொன்ன நான்கில் பரப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். பரப்பு உதவுவது சூட்டைப் பரப்பவும் தேய்மானத்தைக் குறைக்கவும்தான். செராமிக்கின் பிடிப்பு எண் அதிகம், அதிகச் சூட்டையும் தாங்கும். ஆனால் சாதாரணத் தட்டில் இரண்டு உராய்வு முகங்களுக்கும் நடுவே அலையலையாக ஒரு மெல்லிய வில்தகடு இருக்கும். பெடலை விடும்போது பிடி படிப்படியாக வருவது அதனால்தான். துண்டுத் தட்டுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும். நடுவில் நிலை கிடையாது. தட்டின் மையத்தில் சுருள் வில்கள் இல்லாத வகை இன்னும் மோசம். இயந்திரத்தின் ஒவ்வொரு துடிப்பும் கியர்பாக்ஸுக்குள் நேராகப் போய், சும்மா நிற்கும்போதே கடகடவென்று சத்தம் கேட்கும்.

இதெல்லாம் என்ன பெரிய விஷயம், பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன். காப்பாரிலிருந்து ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர். டர்போ ஏற்றிய சத்ரியா. சக்கரத்தில் 300 நியூட்டன் மீட்டர். யாரோ பந்தயத்துக்கு ஓட்டிக் கழற்றிய, சுருள் வில் இல்லாத சிக்ஸ் பக் கிளட்ச் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப் போட்டிருந்தார். வீட்டில் இருப்பது அந்த ஒரே கார். அவருடைய அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வேலை முடிந்து வந்து அப்பாவை மையத்திலிருந்து அழைத்துவருவது இவர் பொறுப்பு. நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுத்து எழுந்து, தலை சுற்றலோடு உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒவ்வொரு சிக்னலிலும் முன்னும் பின்னும் தூக்கி அடிக்கப்பட்டார். கடைசியில், "நீ வேலைக்குப் போ, நான் கிராப் பிடிச்சு வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம். வாரம் மூன்று நாள் கிராப் கட்டணம். அதைவிட, அப்பா தன் காரில் ஏற மறுத்ததுதான் அந்தப் பிள்ளைக்குத் தாங்கவில்லை.

"பவரைக் குறைக்கச் சொல்லாதீங்க அங்கிள்" என்றுதான் முதலில் சொன்னார். குறைக்கத் தேவையே இல்லை. மேலே போட்ட கணக்கையே தாளில் எழுதிக் காட்டினேன். அழுத்தம் 6,000-க்குப் பதில் 8,000 நியூட்டன் உள்ள பிரஷர் பிளேட், மற்றதெல்லாம் அப்படியே: 432 நியூட்டன் மீட்டர். அவருக்குத் தேவையான 420 முதல் 440-க்குள் அது சரியாக வந்து உட்காருகிறது. முழு வட்ட ஆர்கானிக் தட்டு, நடுவில் சுருள் வில்கள். கூடவே டியூனரிடம் சொல்லி, 3,000 சுழற்சியில் பூஸ்ட் சட்டென்று எகிறும் இடத்தைக் கொஞ்சம் தணிக்கச் செய்தோம். உச்சக் குதிரைத்திறனில் கை வைக்கவில்லை. கிளட்சைக் கொல்வது அந்த நடு எகிறல்தான். அதைத் தணிக்க மடிக்கணினியில் அரை மணி நேர வேலை போதும். இரண்டு வாரம் கழித்து அப்பாவோடு வந்தார். "இப்போ டாக்ஸி மாதிரி இருக்கு" என்றார் பெரியவர். மகனுக்கு அது பாராட்டா, அவமானமா என்று தெரியவில்லை, சிரித்துவிட்டார்.

அழுத்தம் கூடினால் பெடல் கனக்கும், அது உண்மை. நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை முறை மிதிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கால் மட்டுமல்ல, காரும் அதைச் சுமக்கிறது. கேபிள் வைத்த பழைய கார்களில் கேபிள் நீளும், உறை தேயும். ஹைட்ராலிக் என்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல்கள் சீக்கிரம் கசியும். பெடல் பொருத்தப்பட்ட இரும்புச் சுவரே வளைந்து கொடுக்கும் கார்களும் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் தண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது த்ரஸ்ட் பேரிங் என்ற மெல்லிய பிறை. தேவைக்கு மீறிய அழுத்தத்தை வைத்துக்கொண்டு சிக்னல் முடியும்வரை கிளட்சை மிதித்தே நிற்பவர்கள் அந்தப் பிறையைத் தேய்க்கிறார்கள். நியூட்ரலுக்குப் போய்க் காலை எடுத்துவிடுங்கள்.

500 நியூட்டன் மீட்டருக்கு மேல், அதாவது ஈவோ இயந்திரம், பெரிய டர்போ என்று போகிறவர்களுக்கு ஒற்றைத் தட்டில் மென்மை கிடைப்பது கடினம். அங்கே இரட்டைத் தட்டு நியாயம். உராயும் முகங்கள் நான்கு ஆகிவிடுவதால், அதே அழுத்தத்தில் இரு மடங்கு தாங்கும். பெடலைக் கனக்க வைக்க வேண்டியதில்லை. விலை பல ஆயிரம் ரிங்கிட். பெடலை மிதித்து நிற்கும்போது சில வகைகளில் தட்டுகள் ஆடிச் சலசலக்கும். அது இயல்பு, பயந்து பட்டறைக்கு ஓடிவர வேண்டாம். 350-க்கு இரட்டைத் தட்டு வாங்குவது பணத்தைக் கொட்டுவது.

இலேசான ஃபிளைவீலையும் கிளட்சோடு சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். இயந்திரம் சட்டென்று சுழற்சி ஏறும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கனம்தான் கார் கிளம்பும்போது சுழற்சியைத் தாங்கிப் பிடிக்கிறது. ஏர்கோன் ஓட, மேட்டில், நெரிசலில் கிளம்பும்போது இலேசான ஃபிளைவீல் உள்ள கார் அணைந்துபோகும். பயந்து அதிகமாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளட்சைத் தேய்ப்பீர்கள். தினசரி ஓட்டத்துக்கு நான் ஒரிஜினல் ஃபிளைவீலையே வைத்துவிடுவேன்.

எதை வாங்கினாலும் பொருத்துவதில் கஞ்சத்தனம் வேண்டாம். கியர்பாக்ஸை இறக்குவதற்குத்தான் பெரிய கூலி. இறக்கிய பிறகு ரிலீஸ் பேரிங்கைப் புதிதாகப் போடுங்கள். கிராங்கின் பின் ஆயில் சீல் கசிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் தட்டில் பட்டால் புதுக் கிளட்ச் அன்றே பாழ். ஃபிளைவீலின் முகத்தை லேத்தில் சீவச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்து, கோடு விழுந்த பழைய முகத்தில் புதுத் தட்டு சரியாக உட்காராது, நடுங்கும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முறுக்கிவிட்டால் பிளேட் வளைந்துவிடும். பக்கத்தில் நின்று பாருங்கள், தவறில்லை. நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறகு பழக்கும் காலம். முதல் 800 கிலோமீட்டர் வரை நகர ஓட்டம் மட்டும். நின்று கிளம்பி, நின்று கிளம்பித் தட்டின் முகம் ஃபிளைவீலோடு பழக வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ வரை ஐந்தாவது கியரில் ஒரே ஓட்டமாகப் போய் வந்து கிலோமீட்டரைக் கணக்குக் காட்டினால் செல்லாது, வழியில் நீங்கள் கிளட்சைத் தொடவே இல்லையே. அந்த 800 முடியும்வரை பூஸ்ட்டைக் குறைத்தே வைத்திருங்கள், கெந்திங் பக்கம் போகாதீர்கள். முடிந்ததும் வெறிச்சோடிய சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் ஒருமுறை முழுதாக அழுத்திப் பாருங்கள். இரண்டு முட்களும் சேர்ந்து ஏறினால் பூஸ்ட்டைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.