சிறு குழுவின் பாக்கெட்டுக்குச் சட்டத்தில் விலக்கு: காலிக் கவர் என்ன ஆகும்?

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் மானாவாரி ராகி கார்த்திகை, மார்கழியில் அறுவடைக்கு வருகிறது. அறுத்த கொல்லையில் தாள் மேய மாடுகளை அவிழ்த்து விடுவது வழக்கம். பெங்களூர் நெடுஞ்சாலையையும் தொழிற்பேட்டைகளையும் ஒட்டிய கொல்லைகளில் தாளோடு வேறொன்றும் கிடக்கிறது. மசாலாப் பொட்டலம், நொறுக்குத் தீனிக் கவர், மாவு பாக்கெட் ஆகியவை காற்றில் வந்து வரப்பில் தங்குகின்றன. உப்பும் எண்ணெயும் ஒட்டிய கவரை மாடு விரும்பித் தின்னும். பிளாஸ்டிக் செரிப்பதில்லை, சாணத்தோடு எளிதில் வெளியேறுவதுமில்லை. இரைப்பையின் முதல் அறையில் பந்துபோல் திரண்டு நின்றுவிடும். தீனி குறைதல், அடிக்கடி வயிறு உப்புதல், பால் வற்றுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றிவிட்டால் வயிற்றைத் திறந்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கவரில் பொருளை அடைத்து விற்றவரே காலிக் கவருக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இன்றைய சட்டம். 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் இப்பொறுப்பு சொல்லப்பட்டது. 2022 பிப்ரவரி 16இல் விரிவான நெறிமுறைகள் வந்தன. கவர் உற்பத்தி செய்வோர், இறக்குமதி செய்வோர், தம் பெயர் அச்சிட்டுப் பொருள் விற்கும் நிறுவனத்தார் ஆகியோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிந்துகொண்டு, சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்கின் அளவுக்கு ஏற்ப மறுசுழற்சி நடந்ததற்குச் சான்று காட்ட வேண்டும்.

ஆனால் தம் பெயரில் பொருள் விற்போரில் குறு, சிறு நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ராகி மாவு, புளி, மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றைப் பாக்கெட் போட்டு விற்கும் மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்பனை 10 கோடிக்கும் மேற்படாதது குறு நிறுவனம். முதலீடு 25 கோடியும் விற்பனை 100 கோடியும் வரை சிறு நிறுவனம். நூறு கோடிக்கு விற்பவரும் 'சிறியவர்'தான் என்பது குடியானவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பிரிட்டனில் ஆண்டு விற்பனை 10 லட்சம் பவுனும் பேக்கிங் பொருள் 25 டன்னும் தாண்டினால்தான் இத்தகைய பொறுப்பு வருகிறது. ஜெர்மனியிலோ வீட்டுக்கு வீடு விற்கும் சிறு வியாபாரியும் பதிவு செய்தாக வேண்டும். பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவின் மேல் ஜெர்மனியைப் போல் கணக்கு வழக்கைச் சுமத்துவது நமது நாட்டுக்குப் பொருந்தாது, விலக்கு நியாயமானதே. எனினும், விலக்கு கிடைத்தது பதிவேட்டுக்குத்தான். காலிக் கவர் வந்து விழுவது அதே ஊர்க் கொல்லையில்தான்.

விலக்கு பெறும் குழுவினர் உத்யம் பதிவுச் சான்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இதற்குக் கட்டணம் கிடையாது. பெங்களூரின் பெரிய அங்காடி ஒன்று தன் பெயரை அச்சிட்டு மாவு அடைத்துத் தரச் சொன்னால், அந்தக் கவரின் பொறுப்பு பெயருக்கு உரிய அங்காடியைச் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் அப்பொறுப்பைக் குழுவின் தலையில் கட்டும் வாசகம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மாநிலத் தடைக்கும் இந்த விலக்குக்கும் தொடர்பில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், தடை உள்ளது. கர்நாடகமும் 2016இல் தடை விதித்தது. கவர் மொத்தமாக வாங்கும் முன் எது அனுமதிக்கப்பட்டது என்பதை ஓசூரிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, எந்தக் கவரை வாங்குவது என்பது. யூரியா சாக்கு சாலையோரத்தில் கிடந்து யாரேனும் பார்த்ததுண்டா? அதற்கு விலை உண்டு, ஆகவே கிடப்பதில்லை. உட்புறம் வெள்ளிபோல் பளபளக்கும் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும். பிரித்தெடுக்க முடியாததால் பழைய இரும்புக் கடைக்காரர் அதைத் தொடமாட்டார். சேகரித்தாலும் பெரும்பாலும் சிமெண்ட் ஆலையில் எரிபொருளாகவே போகிறது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன தடித்த கவருக்கு எடைக்கு விலை கிடைக்கும். நெடுந்தூரம் போய்ப் பல மாதம் கடையில் இருக்க வேண்டிய பொருளுக்குப் பல அடுக்குக் கவர் தேவைப்படலாம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சில வாரங்களில் விற்றுத் தீரும் ராகி மாவுக்கு அது வீண் செலவு. நன்கு உலர்ந்த தானியத்தை அரைத்து, உணவுக்குரிய தரமுள்ள ஒற்றை வகைக் கவரில் அடைத்தாலே போதும். அழகைக் காட்டி அச்சகத்தார் பல அடுக்குக் கவரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், இணங்க வேண்டியதில்லை.

உள்ளூரிலேயே விற்கும் குழுவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வாடிக்கையாளர் காலிக் கவர்களை உதறித் துடைத்துத் திருப்பித் தந்தால், அடுத்த பாக்கெட்டில் சிறிது விலை குறைத்துக் கொடுக்கலாம். கட்டாகச் சேர்ந்ததும் எடைக்குப் போடலாம். அவற்றை அடுப்பில் எரிப்பதும் எருக்குழியில் போடுவதும் கூடாது. குழியில் போட்டது குப்பையோடு மறுபடி கொல்லைக்கே வந்து சேரும்.

பூச்சிமருந்துப் புட்டிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் எடைக்குப் போடக் கூடாது. 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளின்படி, மறுபடி பயன்படாதவாறு உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும். மருந்து கலக்கும்போதே புட்டியை மூன்று முறை கழுவி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடுவது சிக்கனமும் ஆகும்.

இந்த அறுவடையில் மாட்டை அவிழ்த்துவிடும் முன், சாலையோர வரப்புகளை ஒருமுறை சுற்றி வந்து கவர்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிவிட வேண்டும். தீனி எடுக்காமல் வயிறு உப்பி நிற்கும் மாட்டுக்கு நாட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல், உடனே கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்ல வேண்டும்.