வானம் சொன்னதும் புலவர் கேட்டதும்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக்குச் செல்வோர் துணிக்கடைகளையும் நகைக்கடைகளையும் உணவுக்கடைகளையும் பார்ப்பரே அன்றி, வானத்தை அண்ணாந்து பார்ப்பது அரிது. பார்த்தாலும் தெருவிளக்கின் ஒளியில் விண்மீன் எளிதில் புலப்படாது. ஆயினும் அத்தெருவின் வாழ்க்கை வானத்தோடு பிணைந்தே நடந்து வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் தொடங்கிய பள்ளிவாசலே அவ்வட்டாரத்துக்குப் பெயர் தந்தது. அங்கு ஐவேளைத் தொழுகையும் கதிரவன் நிலையைக் கொண்டே அமைகின்றது. உச்சி சாய்ந்ததும் ஒரு வேளை. நிழல் குறித்த அளவு நீண்டதும் ஒரு வேளை. கதிரவன் மறைந்ததும் ஒரு வேளை. பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகை அளவில் கோலாலம்பூர் இருப்பதால், மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் கதிரவன் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும். அந்நாள் நண்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழல் இராது. மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களை ஒட்டி, மலேசிய நேரம் மாலை ஐந்தேகாலுக்கும் ஐந்தரைக்கும் இடையே, கதிரவன் மக்கா நகரத்துக் கஅபாவின் நேர் மேலே நிற்கும் கணம் ஒன்று வருகின்றது. அப்போது இங்குள்ளோர் ஒரு கம்பின் நிழலைக் கொண்டே தொழுகைத் திசையைச் சரிபார்த்துக் கொள்வர்.

நோன்பு மாதம் பிறையைக் கொண்டு பிறக்கின்றது. 2021 முதல் மலேசியா மேற்கொண்டுள்ள வரையறைப்படி, கதிரவன் மறையும் பொழுதில் பிறை அடிவானுக்கு மேல் மூன்று பாகையேனும், கதிரவனுக்கு அப்பால் 6.4 பாகையேனும் இருத்தல் வேண்டும். கண்ணும் கணக்கும் இங்கே கைகோத்து நிற்கின்றன. பிறை ஒவ்வொரு நாளும் முந்திய நாளினும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாழ்ந்து மறையும் என்பதை, நோன்பு திறக்க மேற்கு வானை நோக்குபவர் எவரும் அறிவர். எளிய செய்திதான். ஆனால் புறநானூற்றில் ஆசிரியர் பலரும் தயங்கிக் கடந்து செல்லும் ஒரு பாட்டின் கதவை இச்செய்தியே திறந்து விடுகின்றது.

எட்டுக்கு எட்டு

அது 229-ஆம் பாட்டு. பாடியவர் கூடலூர் கிழார். பாடப்பட்டவன் சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒரு நள்ளிரவில் வானிலிருந்து ஒரு மீன் எரிந்து வீழக் கண்டார் புலவர், அஞ்சினார், ஏழாம் நாள் அரசன் மறைந்தான். பாட்டின் பொருளைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவே.

இதனைக் கற்பிக்குங்கால் இரண்டு தவறான வழிகள் உள்ளன. பழைய மூடநம்பிக்கை என்று தள்ளி விடுதல் ஒன்று. இன்றைய வானநூல் முழுவதையும் நம் முன்னோர் அன்றே கண்டனர் என மார் தட்டுதல் மற்றொன்று. இரண்டும் பாட்டைப் படிக்காமல் இருப்பதற்கு நல்ல சாக்குகள்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் பழைய உரையோடு புறநானூற்றைப் பதிப்பித்தார். அவ்வுரையின் துணை கொண்டு நோக்கினால், கூடலூர் கிழார் எரிமீன் வீழ்ந்த நேரத்தை எத்துணைச் செப்பமாகக் குறித்துள்ளார் என்பது விளங்கும். திங்கள் பங்குனி, அதன் முதற் பாதி. நாள் கார்த்திகை, அதுவும் மேட ராசியைச் சேர்ந்த அதன் முதற்கால். பொழுது செறிந்த இருளையுடைய பாதியிரவு. உத்தரம் உச்சியினின்று சாய்கின்றது. அதற்கு எட்டாவதான மூலம் எதிரே எழுகின்றது. அதற்கு முன் சென்ற எட்டாவதான மிருகசீரிடம் மேற்கே தாழ்கின்றது.

கரும்பலகையில் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வானவட்டம் 360 பாகை, நாள்மீன்கள் இருபத்தேழு. ஒன்றுக்கு 13⅓ பாகை. உத்தரத்தையும் சேர்த்து எண்ணினால் எட்டாவது மூலம், இடைவெளி ஏழு. ஏழு இடைவெளிக்கு 93⅓ பாகை, அதாவது கால் வட்டத்துக்குச் சற்றே மேல். ஆகவே உத்தரம் உச்சியை விட்டுச் சாயத் தொடங்கும் வேளையில் மூலம் கீழ்வானில் தலை காட்ட வேண்டும். மிருகசீரிடம் மேல்வானில் மூழ்க வேண்டும். புலவர் சொன்னதும் அதுவே. அனுடம் முதல் புனர்பூசம் வரை மீன்கள் விளங்கின என்றும் அவர் கூறுகின்றார். அவ்விரண்டும் எழுகின்ற மூலத்துக்கும் மறைகின்ற மிருகசீரிடத்துக்கும் இடையே நிற்பனவே. ஒரு மீனும் இடம் தவறவில்லை.

இனி அந்த இருள். பங்குனியின் முதற் பாதியில் கதிரவன் மீன ராசியில் நிற்கும். திங்கள் கார்த்திகையின் முதற்காலில் நிற்குமானால், இரண்டுக்கும் இடையே நாற்பதுக்கு மேல் அறுபதுக்குள்ளான பாகை இருக்கும்; அது வளர்பிறையில் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஆகும். அத்தகைய பிறை பொழுது சாய்ந்து மூன்று நான்கு மணி நேரத்தில் மறைந்து விடும். நள்ளிரவில் நிலவு இராது. இருள் செறிந்தே இருக்கும். நோன்பின் ஐந்தாம் நாள் நள்ளிரவில் மஸ்ஜித் இந்தியாத் தெருவில் நிலவைத் தேடினாலும் கிடைக்காது, காரணம் ஒன்றே. இருள் என்ற அச்சொல் அழகுக்கு இட்ட அடைமொழி மட்டும் அன்று. கணக்குக்கு ஒத்த சாட்சியும் ஆகும்.

வீழ்ந்த மீன் கிழக்கே செல்லவில்லை, வடக்கே செல்லவில்லை என்று திசையையும் புலவர் குறிக்கின்றார். காற்று எதிர்த்துக் கிளர, தீப் பரந்தது என்றும் சொல்கின்றார். கண்டதைக் கண்டவாறு பதிவு செய்யும் பயிற்சி உடைய கண் அது.

அச்சமும் விருப்பமும்

வீழ்ந்தது விண்மீன் அன்று என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. பெரும்பாலான எரிமீன்கள் மணலளவோ சிறு கல்லளவோ உள்ள துகள்களே. நொடிக்குப் பதினொரு கிலோமீட்டர் முதல் எழுபது கிலோமீட்டருக்கு மேலும் விரையும் அவை காற்று மண்டலத்துள் நுழையும்போது, முன்னே உள்ள காற்று அழுந்திக் கொதிக்கின்றது. துகளும் வெந்து ஒளிர்கின்றது. தரைக்கு மேல் ஏறத்தாழ எண்பது முதல் நூற்றிருபது கிலோமீட்டர் உயரத்தில் இது நிகழும். அரிதாகப் பெருங்கல் ஒன்று வரும். 2013 பிப்ரவரி 15-இல் ருஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர் மேல் வெடித்தது ஏறத்தாழ இருபது மீட்டர் அகலமுடையது. அதன் அதிர்ச்சியில் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இருண்ட வானில் மணிக்குச் சில எரிமீன்களை எவரும் காணலாம். அவற்றுள் எதனையும் நாளடைவில் எவரும் நினைவில் வைப்பதில்லை. துயரம் ஒன்று தொடர்ந்து வந்தால் மட்டும், முன்னர்க் கண்டது நெஞ்சில் நிலைத்து விடுகின்றது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொலையுண்ட பின் தோன்றிய வால்மீனை, விண்ணேறிய அவனுடைய உயிர் என ரோமானியர் கொண்டனர். சாவுக்கு முன் வந்தால் நிமித்தம். பின் வந்தால் புகழ்! வானம் இரண்டையும் அறியாது.

அப்படியாயின் கூடலூர் கிழார் பிழைபட்டாரா? எரிமீனுக்கும் அரசன் சாவுக்கும் தொடர்பு கண்டது பிழைதான். அதனை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பாட்டை ஒருமுறை கூர்ந்து படித்தால் வேறொன்று தெரியும். அரசன் இன்ன நாளில் இறப்பான் என அஞ்சிப் பாடியதாகப் பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பு சொல்கின்றது. பாட்டுக்குள் அத்தகைய கணிப்பு இல்லை. மீன் வீழக் கண்ட புலவரும் பிற இரவலரும் அவன் நோயின்றி இருந்தால் நல்லது என்றே விழைந்தனர். வானத்தைக் கண்ட கண் அடுத்த கணமே ஒரு மனிதனின் உடல்நலத்தை நோக்கித் திரும்பி விடுகின்றது. ஆறு நாள் அந்த விருப்பத்தோடு கழிகின்றன. ஏழாம் நாள் யானை கையை நிலத்தில் இட்டுக் கிடக்கின்றது. முரசு கண் கிழிந்து உருள்கின்றது. வெண்குடை கால் ஒடிகின்றது. குதிரைகள் செயலற்று நிற்கின்றன. பங்குனி முழுமதி வருமுன் எல்லாம் முடிந்து விட்டது. இறுதியில் புலவர் கேட்பது, மேலுலகம் சென்றவன் தன் துணைவர்களை மறந்து விட்டானோ என்பதே. அந்த இடத்தில் எரிமீனைப் பற்றிய பேச்சே இல்லை.

நேரம் சொன்னது வானம். பொருள் தந்தது அவர்தம் அன்பு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே ஆசிரியர் செய்யத்தக்கது.

இன்னொரு சேரன் கதையும் இங்கு நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்து நீர்ப்படைக் காதையில் செங்குட்டுவன் வடநாட்டுப் பாசறையில் மாலைப் பிறையை நோக்கி நிற்கின்றான். உடனிருந்த கணி, வஞ்சியை விட்டு நீங்கி முப்பத்திரண்டு திங்கள் ஆயின எனக் கூறுகின்றான். அரசன் கணக்கைக் கேட்கவில்லை. பிறையைப் பார்த்தவன் நெஞ்சில் வீடு இருந்தது. கணி அதனை உணர்ந்து எண்ணாக மொழிந்தான். ஊரை விட்டுக் கடல் கடந்து இந்நாட்டில் கடை வைத்தோர் எத்தனை பிறைகளை இவ்வாறு எண்ணியிருப்பர்!

மீன் பேசாத கணியன்

கணியன் என்பது நாளும் கோளும் கணிப்பவனைக் குறிக்கும் சொல். கணியன் பூங்குன்றனார் அத்தொழில் செய்தாரோ, அத்தொழில் செய்த குடியில் வந்தாரோ, பெயரில் வானநூல் ஒட்டிக் கொண்டிருக்கின்றது. முதலடி ஒன்றாலேயே உலகெங்கும் அறியப்பட்ட அவருடைய புறப்பாட்டில் (192) வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதில் ஒரு விண்மீன்கூட இல்லை. கோள் இல்லை, நல்ல நேரம் இல்லை, தீநிமித்தம் இல்லை. நன்மையும் தீமையும் பிறரிடமிருந்து வருவன அல்ல என்று தொடக்கத்திலேயே சொல்லி விடுகின்றார். சாவு புதிது அன்று என்கின்றார். வானம் ஒரே ஓர் இடத்தில் வருகின்றது. அங்கும் மின்னி மழை பெய்யவே வருகின்றது. அம்மழை பேராறாகிக் கல்லில் மோதி இரைந்து ஓட, அந்நீரின் வழியே செல்லும் மிதவை போன்றது உயிர் என்கின்றார்.

முறை என்னும் சொல்லை அவர் ஆள்வதால், இதுவும் ஊழ்வினைக் கொள்கைதானே என்று வினவலாம். அவ்வாறு கொள்ளவும் இடமுண்டு. ஆனால் அக்கொள்கையிலிருந்து அவர் பெறும் பயன் தனித்தன்மை உடையது. எல்லா உயிரும் ஒரே ஆற்றில் மிதப்பனவாயின் பெரியோரைக் கண்டு வியப்பதற்கு இடமில்லை. சிறியோரை இகழ்வதற்கு அதனினும் இடமில்லை. வானத்தைக் கணித்தவர் அல்லது கணித்தோர் வழிவந்தவர், மேலிருந்து ஆணை எதனையும் எதிர்பாராமல் பக்கத்தில் மிதப்பவனைப் பார்க்கின்றார். கூடலூர் கிழார் ஒருவனுக்காக வானத்தைப் பார்த்தார். பூங்குன்றனார் எல்லாருக்காகவும் ஆற்றைப் பார்த்தார். வகுப்பில் இவ்விரு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது நலம். எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் வைக்க வேண்டா.

கூடலூர் கிழாரைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஐந்நூறு பாட்டுகளைக் கொண்ட ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் அவரே. தொகுப்பித்தவன் அதே மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இதனை மனத்திற் கொண்டு 229-ஆம் பாட்டைப் படித்தால், அங்கு அழுபவர் பரிசில் இழந்த இரவலர் மட்டும் அல்லர், ஒரு பெரும்பணியில் உடன் நின்ற துணைவரும் ஆவார் என்பது புலனாகும்.

அவர் கண்ட கடிகாரம் இன்றும் ஓடுகின்றது. புவியின் அச்சு ஏறத்தாழ இருபத்தாறாயிரம் ஆண்டுக்கு ஒரு சுற்றாக மெல்லத் திரும்புவதால், பருவங்களுக்கும் விண்மீன்களுக்கும் உள்ள தொடர்பு மாறி வந்துள்ளது. ஆனால் மீனுக்கும் மீனுக்கும் உள்ள தொலைவு கண்ணுக்குத் தெரியுமளவு மாறவில்லை. தமிழ்த் திங்கள்களும் விண்மீன்களை ஒட்டியே கணக்கிடப்படுகின்றன. ஆகவே பங்குனிப் பாதியிரவு இன்றும் உத்தரத்தின் பொழுதே. புலவர் அறிந்திராதது ஒன்று உண்டு: அம்மூன்று மீன்களும் ஒரே தொலைவில் இல்லை. உத்தரம் சிங்கத்தின் வாலில் உள்ள மீன். அதன் ஒளி இங்கு வந்து சேர ஏறத்தாழ 36 ஆண்டு ஆகின்றது. இன்று வகுப்பெடுக்கும் ஆசிரியர் பலர் தாமே மாணவராய் இருந்த நாளில் புறப்பட்ட ஒளி அது. தேளின் கொடுக்கில் உள்ள மூலத்தின் ஒளிக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல். ஓரியன் என்னும் வேட்டுவன் தலையிலுள்ள மிருகசீரிடத்தின் ஒளிக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல்.

கோலாலம்பூரில் இதனைக் காண விரும்புவோர் கடிகாரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன் தள்ளப்பட்டது. அதனால் இங்குக் கதிரவனின் பாதியிரவு கடிகாரத்தில் ஒன்றேகால் மணியை ஒட்டியே வரும். மார்ச்சு 20-ஐ ஒட்டி இரவு ஒரு மணி கழிந்ததும், ஏப்ரல் முதல் வாரத்தில் பன்னிரண்டு மணியளவிலும், உத்தரம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். தமிழகத்தில் அது சாய்ந்து இருபது நிமிடம் போலக் கழிந்த பின்னரே மூலம் எழும். பூமத்திய ரேகையை நெருங்கிய இங்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பொழுதில் நிகழும். மஸ்ஜித் இந்தியாவின் விளக்குகளுக்கு நடுவே உத்தரம் ஒருவேளை தெரியும், மூலம் தெரியாது. கிழக்கும் தெற்கும் திறந்த இருண்ட இடமாகப் பார்த்து, நிலவு இல்லாத இரவில் செல்ல வேண்டும். அடிவானில் ஆவியும் புகையும் மறைக்குமாதலால் மூலம் தென்கிழக்கே தெளிவாக மேலெழும் வரை அரைமணி நேரமாவது காத்திருக்க நேரும்.