இலைக்கு 30 ரூபாய்: ஒரு கல்யாணச் சமையல் கணக்கு

கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவரிடம் “இலைக்கு எவ்வளவு நிக்குது?” என்று கேட்டுப் பாருங்கள். “ஏதோ கையைக் கடிக்காம ஓடுது” என்பார். 600 பேருக்குப் பருப்பு எத்தனை கிலோ, நெய் எத்தனை லிட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தனக்கு என்ன மிஞ்சியது என்பது மட்டும் தெரியாது. இப்படிச் சிலருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். “ஆர்டர் கூடணும், என்ன விளம்பரம் செய்யலாம்?” என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் முதலில் ஒரு தாளில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

சாமான், ஆள், அடுப்பு எல்லாம் சேர்த்து இலைக்கு இவ்வளவு என்று பேசும் முறைக்கான கணக்கு இது. கூலிக்குச் சமைப்பது வேறு. அதில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் சாமான் வாங்குவது கல்யாண வீட்டார் பாடு. கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், மெனுவுக்கு மெனு மாறும். உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முகூர்த்தச் சாப்பாடு, 600 இலை, இலைக்கு ரூ. 200: வரவு ரூ. 1,20,000

பலசரக்கு, இலைக்கு 75: ரூ. 45,000
காய்கறி, பால், தயிர், வாழையிலை, இலைக்கு 40: ரூ. 24,000
கேஸ், 19 கிலோ சிலிண்டர் 3: ரூ. 6,000
மாஸ்டர் ஒருவர்: ரூ. 3,000
கை ஆள் 6 பேர், தலைக்கு 1,200: ரூ. 7,200
பரிமாற 12 பேர், தலைக்கு 700: ரூ. 8,400
இலை எடுக்க, பாத்திரம் கழுவ 4 பேர், தலைக்கு 600: ரூ. 2,400
வேன்: ரூ. 4,000
பாத்திர வாடகை, தேய்மானம்: ரூ. 2,000

செலவு ரூ. 1,02,000. மிச்சம் ரூ. 18,000. இலைக்கு 30 ரூபாய்.

இதில் இரண்டு விதச் செலவு கலந்திருக்கிறது. பலசரக்கு, காய்கறி, கேஸ் மூன்றும் இலையோடு போகிறவை. இலைக்கு 125 ரூபாய். ஆள், வேன், பாத்திரம் மூன்றும் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டியவை, 27,000 ரூபாய். வியாபாரம் பேசும்போது நடக்கும் தப்புகளில் பாதி, இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால் வருகிறது.

ரேட் பேசும் இடத்துக்கு வருவோம். பெண் வீட்டுப் பெரியப்பா சாய்ந்து உட்கார்ந்து, “என்ன தம்பி, நம்ம ஊர்க்காரன், ஒரு பத்து ரூவா குறைச்சுக்கக் கூடாதா?” என்பார். 200-ல் 10 என்பது 5 சதவீதம்தானே என்று தோன்றும். அது வரவில்தான் 5 சதவீதம். மிச்சத்தில் 6,000 ரூபாய் போகிறது. 18,000-ல் மூன்றில் ஒரு பங்கு. தலையாட்டிய அந்த நொடியில் இரண்டு கல்யாணத்தில் வரவேண்டிய லாபத்துக்கு மூன்று கல்யாணம் செய்ய ஒப்புக்கொண்டு வருகிறார் நம்மாள்.

தக்காளி விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. ஆனி முகூர்த்தத்துக்கு முன்பே ரேட் பேசி முடித்திருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 600 இலைக்கு 30 கிலோ தக்காளி, கிலோவுக்கு 80 ரூபாய் ஏற்றம் என்று வைத்தாலும் கூடுதல் செலவு 2,400 ரூபாய். இலைக்கு 4 ரூபாய். ஊரே பேசிய தக்காளி தின்றது 2,400. யாரும் பேசாத தள்ளுபடி தின்றது 6,000.

குறைக்கவே கூடாது என்றால் பார்ட்டி எழுந்து போய்விடுமே என்று கேட்பார்கள். ரேட்டைத் தொடாமல் இலையில் ஒன்றைக் கூட்டிக் கொடுக்கலாம். கூடுதலாக ஓர் இனிப்பு வைக்க அடக்கம் 6 ரூபாய் ஆகிறது என்றால் 600 இலைக்கு 3,600. தள்ளுபடியைவிட 2,400 குறைவு. பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. குறைத்த 10 ரூபாய் ஒரே ஒருவர் சட்டைப் பைக்குள் போகிறது. காசி அல்வா 600 நாக்குக்குப் போகிறது.

அடுத்தது மினிமம்: இலை குறைவாக விழுந்தாலும் இத்தனை இலைக்குப் பணம் உண்டு என்று முதலிலேயே எழுதிக்கொள்வது. என் கணக்கில் இலை ரேட்டைவிடப் பெரிய விஷயம் இதுதான். 600 என்று பேசிச் சமைத்தாயிற்று. மழை, பக்கத்து ஊரில் இன்னொரு முகூர்த்தம், ஏதோ ஒன்று. 450 இலைதான் விழுந்தது. வரவு 90,000. செலவு அதே 1,02,000. கைப்பணம் 12,000 போயிற்று. பிரிக்காத அரிசி மூட்டையைக் கடைக்குத் திருப்பலாம், வெந்த சோற்றைத் திருப்ப முடியாது. 1,02,000-ஐ 200-ஆல் வகுத்தால் 510. ஆக, 600 பேருக்கு ஆர்டர் வாங்கும்போது மினிமம் 510 இலைக்குக் கீழே எழுதவே கூடாது. 550 எழுதினால் 8,000 ரூபாயாவது கையில் நிற்கும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, “அதெல்லாம் பாத்துக்கலாம்ண்ணே” என்று எழுந்து வருகிறார்கள். பார்த்துக்கொள்வது எப்போதும் இவர்தான்.

இலை எண்ணும் நேரத்தில் அடுப்படிப் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தொழிலின் பேரும் கெட்ட பேரும் எங்கே உருவாகிறது என்று தெரியும். நான் பார்த்த ஒரு கல்யாணத்தில் முதல் பந்திக்கு முன்பே கான்ட்ராக்டர் பெண்ணின் தாய்மாமனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். “அண்ணே, ஏழு கட்டு, கட்டுக்கு நூறு. நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க” என்றார். நனைந்த சாக்கை விலக்கி ஒரு கட்டை மட்டும் பிரித்து எண்ணினார் தாய்மாமன், 98 இருந்தது. கான்ட்ராக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனாவை எடுத்து, ஏழு கட்டுக்கும் 98 என்றே போட்டு 686 என்று எழுதினார். கிழிந்த இலைகளைத் தனியே ஒரு கூடையில் போடச் சொன்னார். கடைசிப் பந்தி முடிந்து மீதியைக் கழித்தபோது தாய்மாமன் கணக்கைப் பார்க்கக்கூட இல்லை. “நீ சொன்னா சரி தம்பி” என்று கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு வீதம் 14 இலை, 2,800 ரூபாய் விட்டுக்கொடுத்தார் என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பணம் அன்றைக்கே மண்டபத்திலேயே வந்துவிட்டது. அந்தத் தாய்மாமன் வீட்டுக் காதுகுத்தும் இவருக்கே வந்தது.

சின்ன விசேஷங்களுக்கு ரேட் சொல்வதைப் பற்றி ஒன்று. 2020-ல் கொரோனா கட்டுப்பாட்டில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்றபோது, பழைய ரேட்டிலேயே ஒப்புக்கொண்டு நொந்தவர்கள் உண்டு. 50 இலைக்குப் பொருள் 6,250. மாஸ்டர், கை ஆள் 2, பரிமாற 2, கழுவ ஒருவர் என்று சுருக்கினாலும் கூலி 7,400. சின்ன வண்டியும் பாத்திரமும் 3,000. மொத்தம் 16,650, இலைக்கு அடக்கமே 333 ரூபாய். வளைகாப்பு, மணிவிழா எல்லாம் இன்றைக்கும் இந்த அளவில்தான் நடக்கின்றன. “கல்யாணத்துக்கு இருநூறுதானே வாங்குன?” என்று கேட்டால் ஆள் கூலியையும் வண்டியையும் தனி வரியாக எழுதிக் காட்டுங்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் பேரம் பாதியாகக் குறைகிறது.

வரிக்கு அதிக நேரம் வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும். 1,20,000 ரூபாய்க் கல்யாணம் என்றால் 17-வதில் தாண்டிவிடும். வெளியிடச் சமையலுக்கு 2019 அக்டோபர் முதல் பொதுவாக 5 சதவீதம், உள்ளீட்டு வரி கழிக்க முடியாது. ரேட் எழுதும் தாளில் “வரி தனி” என்ற இரண்டு சொல்லை மறந்தால் 1,20,000-க்குள்ளிருந்து 5,714 ரூபாய் போகும். பெரியப்பா கேட்ட பத்து ரூபாய்த் தள்ளுபடி கிட்டத்தட்ட அவர் கேட்காமலே போய்விட்டது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் 2022 ஜனவரி முதல் பில்லில் இருக்க வேண்டும் என்பது விதி. அதை விசிட்டிங் கார்டிலும் போடுங்கள். படித்த வீட்டார் அதைப் பார்க்கிறார்கள்.

இப்போது விளம்பரம். மண்டப மேனேஜர் ஆள் அனுப்பினால் 5 சதவீதக் கமிஷன் என்று வையுங்கள்: 6,000 ரூபாய். மறுபடியும் லாபத்தில் மூன்றில் ஒன்று. தப்பு என்று சொல்ல வரவில்லை, ஆனால் அதை நோட்டில் செலவாக எழுதுங்கள். எழுதாதவர்கள் அதை நெய்யில் பிடிக்கிறார்கள், நெய்யில் பிடித்தது நாக்கில் தெரிந்துவிடும். மாதம் 5,000 ரூபாய்க்கு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு இரண்டு ஆர்டர் முடிந்தால் ஆர்டருக்கு 2,500, தாங்கும். ஒன்றுதான் முடிந்தால் 5,000, தாங்காது. அந்த வழியில் கூப்பிடுகிறவர்களின் முதல் கேள்வி “ரேட் என்ன?” என்பதாகவே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறவர் “அந்தத் தேதி காலியா இருக்கா?” என்று கேட்கிறார். இரண்டும் ஒரே மாதிரி ஆர்டர் இல்லை.

600 இலையில் வீட்டுக்கு மூன்று பேர் என்றால் 200 குடும்பம் உங்கள் கையால் சாப்பிட்டிருக்கிறது. அதில் 20-க்கு ஒரு வீட்டில் அடுத்த ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு விசேஷம் என்றால்கூட 10 வீடு. இந்த 10 வீட்டுக்கும் சாம்பாரின் ருசி ஞாபகம் இருக்கும், சமைத்தவர் பெயர் தெரியாது. கல்யாண வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் பெயரும் போன் எண்ணும் மட்டும் போட்ட சின்ன போர்டு ஒன்று வையுங்கள். வாசலில் வைத்தால் வரவேற்பு வளைவோடு போட்டி. கை கழுவ வரிசையில் நிற்பவருக்கு அப்போதுதான் வயிறு நிறைந்திருக்கிறது, படிக்க வேறொன்றும் இல்லை.

போர்டைவிட முக்கியம் கடைசிப் பந்தி. அதற்குள் வடை தீர்ந்திருக்கும், பாயசத்தில் பால் கூடியிருக்கும், அப்பளம் நமத்திருக்கும். அந்தப் பந்தியில் உட்காருவது யார்? பணம் கொடுக்கப் போகிற பெண்ணின் அப்பா, அவர் தம்பி, நாதஸ்வரக்காரர், தவில்காரர், போட்டோகிராபர், மேக்கப் போட வந்தவர், மண்டப மேனேஜர். இதில் பாதிப் பேர் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வேறு வேறு கல்யாணத்தில் சாப்பிடுகிறவர்கள். நல்ல சமையல்காரர் யாராவது இருக்கிறாரா என்று ஊரில் கேட்கப்படும் ஆட்களும் அவர்களே. 40 இலைக்கு வடை தலைக்கு 5 ரூபாய், பாயசம் 8 ரூபாய் என்று தனியே எடுத்து மூடி வைத்தால் செலவு 520 ரூபாய். 600-ல் வகுத்தால் இலைக்கு 87 காசு. இதைவிட மலிவான விளம்பரத்தை நான் எந்த நோட்டிலும் பார்த்ததில்லை.

புதுப் பார்ட்டிக்கு ருசி காட்டுவது இன்னொன்று. நடக்கிற கல்யாணத்துக்கு ஆறு பேரை அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். அந்த ஆறு இலையைக் கல்யாண வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களுக்கு அடக்கம் 750 ரூபாய், அதோடு தீர்ந்தது. சேர்த்து மாட்டிக்கொண்டால் போவது 1,200 ரூபாய் மட்டும் அல்ல.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். மெனு கேட்பவரிடம் “நம்பரை சேவ் பண்ணிக்குங்க, லிஸ்ட் அனுப்புறேன்” என்று சொல்லிவிடுங்கள். ஆனால் தினமும் காலை வணக்கம் அனுப்பினால் அழித்துவிடுவார்கள்.

பாக்கி வசூலும் விற்பனையைச் சேர்ந்ததுதான். தேதிக்கு அட்வான்ஸ் 10,000 வாங்கிவிட்டு, சாமானுக்குக் கைக்காசு போடுகிறார்கள். பொருளுக்கு மட்டும் 75,000. நூற்றுக்கு 2 வட்டியில் புரட்டி இரண்டு மாதம் கழித்துப் பாக்கி வந்தால் வட்டி 3,000. லாபத்தில் ஆறில் ஒன்று. ஒரு வாரம் முன்பு பொருளுக்கான பணம், இலை எண்ணியதும் மண்டபத்திலேயே மீதி என்று முதல் நாளே பேசுங்கள். கட்டுச்சாதக் கூடை கிளம்பிய பிறகு கேட்கும் பாக்கி, சண்டை மாதிரித்தான் கேட்கும்.

வருஷத்தைக் கூட்டிப் பார்க்கலாம். ஆடியும் மார்கழியும் இல்லை, பலருக்குப் புரட்டாசியும் இல்லை. ஒரு குழு வைத்து வருஷத்துக்கு 25 கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். கோடவுன் வாடகை, பெட்ரோல், மாஸ்டருக்கு ஆடியில் கொடுக்கும் முன்பணம் எல்லாம் சேர்த்து மாதம் 15,000, வருஷத்துக்கு 1,80,000. முதல் 10 கல்யாணம் இதற்கே சரி. 25 கல்யாணத்தின் மிச்சம் 4,50,000-ல் இதைக் கழித்தால் 2,70,000, மாதம் 22,500. எல்லாருக்கும் பத்து ரூபாய் குறைத்திருந்தால் 1,20,000, மாதம் 10,000. அதே குழுவில் பரிமாற வரும் பையன் மாதம் 15 நாள் வந்தால் 10,500 வாங்கிப் போகிறான்.

அடுத்த ஆடியில் அடுப்பு அவியும்போது நோட்டை எடுங்கள். போன வருஷத்துக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: யார் சொல்லி வந்தார்கள், எத்தனை இலை பேசி எத்தனை விழுந்தது, பாக்கி எந்தத் தேதியில் வந்தது. மூன்றையும் நிரப்பி முடிக்கும்வரை விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.